சொந்த டொமைனில் மின்னஞ்சல்: ஆறு ஆண்டுகளும் பதினொரு நாட்களும்

கீழக்கரையில் ஓலைப்பெட்டி வணிகம் செய்யும் நண்பர், சொந்த டொமைனில் (நாமே பதிவு செய்துகொள்ளும் இணையப் பெயரில்) மின்னஞ்சல் வைத்துக்கொள்ளலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவருக்கு இரண்டு வரியில் விடை அனுப்பிவிட்டேன். அந்த விடைக்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சாயல்குடியில் கருப்பட்டி விற்கும் எங்கள் குடும்பத் தொழிலுக்காக 2019 மார்ச்சில் ஒரு டாட் காம் பெயரை மூன்று ஆண்டுகளுக்குப் பதிவு செய்தேன். அதில் அமைத்த முகவரியைப் பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் அச்சிட்டோம். நான் செய்த பெரும்பிழை, டொமைன் பதிவு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கும்போதும் அதே முகவரியைக் கொடுத்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு அது சமம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெயரைப் புதுப்பிப்பதைத் தானியங்கிக் கட்டணம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். ஆனால் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தன. என் அட்டையில் பழைய ஒப்புதல் செல்லவில்லை. நினைவூட்டல்கள் வந்திருக்கின்றன. பதநீர் இறங்கத் தொடங்கும் பரபரப்பில் நான் அவற்றைத் திறக்கவில்லை. 2022 மார்ச்சில் பெயர் காலாவதியானது. உள்நுழையக் கேட்டால் சரிபார்ப்பு எண் அந்த முகவரிக்கே போகும். அந்த முகவரியோ இயங்கவில்லை. அடையாள ஆவணங்களை அனுப்பிக் கணக்கை மீட்கப் பதினொரு நாட்கள் ஆயின. ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார், ஒவ்வொருவரும் அதே ஆவணத்தை மீண்டும் கேட்டார். அதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் மின்னஞ்சல் வழங்கி (கடிதங்களை வாங்கி அனுப்பும் கணினி) பழுதானால், அனுப்பியவரின் வழங்கி பொதுவாக நான்கைந்து நாட்கள் மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். பெயரே செயலிழந்தால் கடிதங்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. பிறகு அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால், நமக்கு வரும் கடிதங்களும் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகளும் அவர் கைக்குப் போய்விடும். அந்தப் பதினொரு இரவுகளும் என்னை உறங்கவிடாதது இந்த அச்சம்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2023இல் மின்னஞ்சல் சேவைக் கட்டணம் கூடியபோது, எம்எக்ஸ் பதிவுகளை (டொமைனுக்கு வரும் கடிதங்கள் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) மாற்றி, பழைய கடிதங்களை ஐமேப் (வழங்கியில் உள்ள கடிதங்களை வேறு செயலியிலிருந்தும் அணுகும் முறை) வழியாகப் படியெடுத்து, ஒரே மாலையில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். முகவரி மாறாததால் வாடிக்கையாளர் ஒருவருக்கும் அது தெரியவில்லை. சீட்டையும் மறுபடி அச்சிட வேண்டியிருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹுவும் அனுப்புநர் விதிகளை இறுக்கியபோதும், கடிதம் உண்மையில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் இரண்டும் முன்பே அமைந்திருந்ததால் எனக்குத் தொல்லையில்லை. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று பலர் வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள். ஐமேப் கிடைத்தால் போதும், மற்றதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இப்போது பதிவுக் கணக்குக்குத் தனி ஜிமெயில் முகவரி கொடுத்திருக்கிறேன். டாட் காமுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவான 10 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறேன். நான் இதை விடப்போவதில்லை. ஆனாலும் நண்பருக்கு நான் எழுதிய விடை, வேண்டாம் என்பதே. ஆண்டுதோறும் மார்ச்சில் முதல் ஆர்டர் அனுப்பும் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர், அந்த 2022க்குப் பிறகு எங்களுக்கு எழுதவே இல்லை.