சோலாரா, கம்ப்ரசரா? முதல் காசை எதில் போடுவது?

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டில் ஷெட் வைத்திருப்பவர்களிடம் ஈ.பி. பில்லைக் குறைக்க வழி கேட்டால் "சோலார் போட்டுடுங்க" என்றுதான் சொல்வார்கள். சோலார் நல்லதுதான், வரிசைதான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 1,000 சதுர அடி வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்து, வருவதை எல்லாம் நீங்களே பயன்படுத்தினால் மாதம் 9,600 ரூபாய் மிச்சம். ஆனால் பெரிய ஆலைகள் வாங்கும் ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் உச்ச நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். சாயங்கால உச்ச நேரத்தில் பேனல் தூங்கிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் பேனலைத் தாங்கும் இரும்பு வேலைக்குத் தனிச் செலவு.

மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் பக்கம் வாருங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் எல்லாம் நின்றபிறகு ஷெட்டுக்குள் போய் நில்லுங்கள். எங்காவது 'உஸ்ஸ்' என்று கேட்கும்: ஹோஸ் கிளிப், கப்ளிங், எவரோ மூடாமல் விட்ட வால்வு. சோப்புத் தண்ணியைப் பிரஷ்ஷால் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். பராமரிப்பில்லாத லைனில் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போவது சகஜம். 20 ஹெச்.பி. கம்ப்ரசர் காற்று அடைக்காமல் சும்மா சுற்றினாலே மணிக்குச் சுமார் 5 யூனிட் இழுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம், 300 வேலைநாள் என்றால் வருஷத்துக்கு 24,000 ரூபாய். சுவிட்சை அணைக்கச் செலவு என்ன? காற்றின் பிரஷரையும் தேவையில்லாமல் 8 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) வைக்காதீர்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்சாரத்தில் 6, 7 சதவீதம் குறையும்.

ஹெச்.டி. ஆட்கள் அதற்கும் முன்னால் பில்லில் டிமாண்ட், அதாவது உச்சமாக இழுக்கும் மின்சுமை, என்று போட்டிருக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். 200 கேவிஏ (அந்தச் சுமையை அளக்கும் அலகு) அனுமதி வாங்கிவிட்டு 130தான் தொடுகிறீர்கள் என்றாலும், அனுமதித்ததில் 90 சதவீதமான 180க்குப் பணம் போகும். ஏசி முழுவீச்சில் ஓடும் மே மாத பில்லையும் பார்த்துவிட்டு, டிமாண்டைக் குறைக்க மனு கொடுங்கள். அவசரப்பட்டு அதிகமாகக் குறைத்தால் தாண்டியதற்கு அபராதம் வரும், ஜாக்கிரதை.

ஆபீஸ் மட்டும் என்றால் கதை வேறு. அங்கே குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன்தான் முதலில்: 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட். கூடவே ஏசியை 20லிருந்து 24க்கு ஏற்றுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், ஃபேன் ஓடினால் அடங்கிவிடும்.

சோலார்க்காரரை இத்தனையும் முடிந்தபிறகு கூப்பிடுங்கள். இன்றைய பில்லைக் காட்டினால் 25 கிலோவாட் என்பார். ஒழுகலை அடைத்தபின் வரும் பில்லைக் காட்டினால் அதைவிடச் சின்னதே போதும் என்று தெரியலாம்.