ஈரம் 17-ஐத் தாண்டினால்

தை மாதம் கீழத்தஞ்சைப் பக்கம் போனால் ரோட்டில் பாதி நெல்லாகத்தான் கிடக்கும். சித்தப்பாவின் சம்பா நெல் இந்த முறை அரசு கொள்முதல் நிலைய வாசலில் குவித்துக் கிடந்தது. மழை வரும் என்று முதல்நாளே போனில் எச்சரிக்கை வந்தது, சொன்ன நேரத்துக்கு மழையும் வந்தது. காரைக்காலில் வானிலை ரேடார் வந்த பிறகு இதிலெல்லாம் எவ்வளவோ தேவலை. ஆனால் நிலையத்தில் மூடப் படுதா இல்லை. இருந்த இரண்டும் ஏற்கெனவே வாங்கிய மூட்டைகளின் மேல் கிடந்தன.

வெயில் வந்ததும் சித்தப்பா காலால் அளைந்து அளைந்து காயவைத்தார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, "நொறுக்குங்குது, போட்டுரலாம்டா" என்றார். ஈரம் அளக்கும் மிஷின் 19.6 சதவீதம் காட்டியது. "17-க்கு மேல எடுக்க முடியாதுய்யா, காயவெச்சுக் கொண்டாங்க" என்றார் அங்கிருந்தவர். சாயங்காலம் 17-க்கு வந்தது. அதற்குள் அன்றைய எடை முடிந்துவிட்டது. ராத்திரி பனி இறங்கி, காலையில் மறுபடி 18.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று அப்பத்தா காலத்திலிருந்தே சொல்கிறார்கள். பொங்கலோடு மழை முடிந்தது என்று இந்தக் கடலோரத்தில் யாரும் நம்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்த பிறகும் கீழைக்காற்று ஒருமுறை கிளம்பினால் போதும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுக்க நின்ற சம்பா அப்படித்தான் தண்ணீரில் சாய்ந்தது. முன்பு அரிந்து போட்ட தாள் வயலிலேயே காயும், பிறகு களத்தில் அடிப்போம். இப்போது அறுவடை வண்டி பச்சையாகவே கொட்டிவிட்டுப் போகிறது. ஆண்டுதோறும் ஈரம் இருக்கும் என்று தெரிந்த மாதத்தில், காய்ந்த நெல்தான் வேண்டும் என்று சட்டம் வைத்துக்கொண்டு, இந்த நிலையத்தில் ஒரு உலர்த்தும் எந்திரம்கூட வைக்காமல் இருக்கிறார்களே, எப்படித் தாங்குவது?

நான் இருக்கும் ஒன்டாரியோவில் மக்காச்சோளத்தை ஈரத்தோடேயேதான் அறுப்பார்கள். 15.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உலர்த்தும் கூலியைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். ஈரம் என்று பொதுவாக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அந்தக் கூலியைச் சித்தப்பா சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்.

வானம் மறுபடி கறுத்ததும் பாதி நெல்லை வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். மீதிக்கு இரண்டாள் கூலி வைத்து இன்னமும் காயவைத்துக்கொண்டிருக்கிறார்.