ரோட்டரி அறக்கட்டளையின் உதவித்தொகையும் சமூக மானியமும்: விண்ணப்பிக்க எண்ணுவோருக்காக ஒரு மதிப்பீடு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தும், கல்விக் கட்டணத்துக்கு வழி தெரியாமல் நிற்கும் மாணவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும்போது, நான் முதலில் விசாரிக்கச் சொல்வது, ரோட்டரி சங்கங்களின் உலகளாவிய தொண்டு அமைப்பான ரோட்டரி அறக்கட்டளையின் உதவித்தொகையைத்தான். நான் ரோட்டரி உறுப்பினன் அல்லன். கல்லூரி ஆசிரியனாக மாணவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். வெளியாள் என்ற முறையில் தேர்வுக் குழுக்களில் அமர்ந்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இது பெருந்தொகை தரும், மதிப்புமிக்க உதவி. ஆனால் இதன் வாசல் எங்கே இருக்கிறது என்பது, உண்மையில் தேவையுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

1917-இல் அட்லாண்டாவில் நடந்த ரோட்டரி மாநாட்டில், அப்போதைய தலைவர் ஆர்ச் கிளம்ப் உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிதி வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்த நிதிக்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். 1947-இல் ரோட்டரியின் நிறுவனர் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாக நன்கொடைகள் குவிந்தன. அந்த ஆண்டிலேயே 18 மாணவர்களுடன் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பழைய திட்டம் 2013-இல் முடிவுக்கு வந்து, இப்போது உதவித்தொகை ‘குளோபல் கிராண்ட்’ என்ற பெரிய மானியத்தின் ஒரு வகையாக வழங்கப்படுகிறது. கிராமத்துக் குடிநீர்த் திட்டமும் ஒரு மாணவியின் முதுநிலைப் படிப்பும் ஒரே விதித்தொகுப்பின்கீழ் வருவதால், இரண்டையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

உதவித்தொகையின் அளவிலிருந்து தொடங்கலாம். ஒரு குளோபல் கிராண்டின் மொத்த மதிப்பீடு குறைந்தது 30,000 டாலராக இருக்க வேண்டும். ரோட்டரி மாவட்டங்கள் (பல சங்கங்கள் அடங்கிய நிர்வாகப் பிரிவுகள்) தங்கள் பங்கு நிதியிலிருந்து, அதாவது அறக்கட்டளைக்குத் தங்கள் சங்கங்கள் தந்த நன்கொடையில் தங்களுக்குத் திரும்பிவரும் பங்கிலிருந்து, ஒதுக்கும் தொகைக்கு அறக்கட்டளையின் உலக நிதி 80 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. எனவே மாவட்டங்கள் ஏறத்தாழ 16,667 டாலர் ஒதுக்கினால், உலக நிதியிலிருந்து 13,333 டாலர் வந்து கணக்கு நிறைவடைகிறது. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, பயணம், விசா, புத்தகங்கள் ஆகிய அனைத்தையும் இதில் சேர்க்கலாம். படிப்பு ஓராண்டிலிருந்து நான்காண்டு வரை இருக்கலாம். பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு இந்தக் குறைந்தபட்சத் தொகை பல வேளைகளில் போதாது என்பதால், மீதியை எப்படித் திரட்டப் போகிறோம் என்பதை மாணவரும் குடும்பத்தாரும் முன்கூட்டியே எழுதிக் கணக்கிட வேண்டும்.

எல்லாப் படிப்புக்கும் இது கிடைக்காது. அமைதியும் பிணக்குத் தடுப்பும், நோய்த் தடுப்பு, நீரும் துப்புரவும், தாய்சேய் நலம், அடிப்படைக் கல்வியும் எழுத்தறிவும், சமூகப் பொருளாதார வளர்ச்சி, 2021-இல் சேர்க்கப்பட்ட சுற்றுச்சூழல் ஆகிய ஏழு துறைகளில் ஒன்றுக்குள் படிப்பு அமைய வேண்டும். பொதுவான எம்பிஏவுக்கோ மென்பொருள் படிப்புக்கோ வலிந்து ஒரு காரணம் கற்பித்து விண்ணப்பிக்கிறவர்கள் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த வரையறை எனக்குச் சரியாகவே படுகிறது.

நான் அமர்ந்திருந்த ஒரு நேர்முகத் தேர்வில், பொதுச் சுகாதாரம் படிக்க இடம் பெற்றிருந்த தர்மபுரி மாவட்டத்துப் பெண் ஒருவர் வந்தார். “படிப்பு முடிந்து என்னம்மா செய்வதாக உத்தேசம்?” என்று குழுத் தலைவர் கேட்டார். அவர் தயாரித்து வந்திருந்த ஆங்கிலப் பதிலை விட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினார்: “ஐயா, எங்க ஊர்ல பசங்க சிரிக்கும்போது வாயைக் கையால மூடிக்குவாங்க. பல்லு காவி புடிச்சிருக்கும். தண்ணியில இருக்கிற ஃபுளோரைடுதான் காரணம்னு தெரியும். ஆனா எந்தத் தெருவுல எவ்வளவு இருக்குன்னு முறையா ஒரு வரைபடம் எங்க கையில இல்ல. அதை எப்படிச் செய்யறதுன்னு கத்துக்கிட்டு வரணும்.” மதிப்பெண் பட்டியலில் அவரைவிட மேலே இருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் படிப்பையும் ஊரையும் இப்படி ஒரே மூச்சில் இணைத்துச் சொன்னவர் வேறு எவரும் இல்லை. ஏழு துறை என்ற வரையறை தேடுவது இத்தகைய பதிலைத்தான் என்பதால், விண்ணப்பத்தின் நோக்கவுரையை எழுதும்போது இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை நகலெடுக்காமல், உங்கள் ஊரில் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்குங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன்.

இனி வாசலைப் பற்றி. இந்த உதவித்தொகைக்கு மாணவர் தாமாக நேரே அறக்கட்டளைக்கு விண்ணப்பித்துப் பெற முடியாது. சொந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு ரோட்டரி சங்கமோ மாவட்டமோ அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். படிக்கப் போகும் நாட்டிலும் ஒன்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ரோட்டரி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் அன்று. தமிழ்நாடு பல ரோட்டரி மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது, இலங்கை முழுவதும் மாலத்தீவும் சேர்ந்து 3220 என்ற ஒரே மாவட்டம். ஒவ்வொரு மாவட்டமும் தன் பங்கு நிதியை எதற்குச் செலவிடுவது என்பதைத் தானே தீர்மானிப்பதால், ஒரு மாவட்டம் ஆண்டுதோறும் மாணவர்களை அனுப்பலாம். பக்கத்து மாவட்டம் ஒருவரையும் அனுப்பாமல் முழு நிதியையும் மருத்துவக் கருவிகளுக்குச் செலவிடலாம். எங்கே பிறந்தோம் என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் குறை.

இந்த அமைப்பில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஏற்றுக்கொண்ட சங்கம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. படிக்கும் ஊரில் மாணவருக்கு ஓர் ஆலோசகர் நியமிக்கப்படுகிறார். புது நாட்டில் இறங்கும் பிள்ளைக்கு வீடு பார்க்கவும், உடல்நலம் குன்றினால் மருத்துவரிடம் அழைத்துப் போகவும் ஒரு குடும்பம் கிடைக்கிறது. வங்கிக் கடனில் படிக்கச் சென்ற என் மாணவர்கள் எவருக்கும் இது வாய்க்கவில்லை. உறுப்பினர்களின் வாழ்க்கைத்துணை, மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் இந்த உதவித்தொகையைப் பெற முடியாது என்ற விதியையும் மனமாரப் பாராட்டுகிறேன். “இதெல்லாம் அவங்க வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே சார்” என்று தயங்கும் மாணவரிடம், இல்லை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது கிடையாது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

காலக்கணக்கில்தான் பலர் இடறுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் இல்லாமல் மானிய விண்ணப்பம் முழுமையடையாது. ஆனால் சேர்க்கை கிடைத்த சில வாரங்களிலேயே முன்பணம் கட்டச் சொல்லிப் பல்கலைக்கழகங்கள் நெருக்குகின்றன. மானியம் அனுமதிக்கப்படுவதற்கு முன் செய்த எந்தச் செலவையும் அறக்கட்டளை திருப்பித் தராது. ஆக, முன்பணத்தைத் தாமே புரட்டக்கூடிய குடும்பத்துப் பிள்ளைக்கு இருக்கும் நிம்மதி, நகையை அடகு வைக்க வேண்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு இல்லை. சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே சங்கத்தை அணுகிவிடுவதே இதற்கு நான் அறிந்த ஒரே வழி.

சமூக மானியங்களைப் பொறுத்தவரை இரண்டு அடுக்குகள் உள்ளன. மாவட்ட மானியம் சிறியது, நெகிழ்வானது. மாவட்டம் தன் பங்கு நிதியில் பாதி வரை இதற்கு ஒதுக்கலாம். இளநிலைப் படிப்புக்கோ உள்ளூர்க் கல்லூரிக்கோகூட இதிலிருந்து உதவித்தொகை தர இடமுண்டு என்பது பலரும் அறியாத செய்தி. குளோபல் கிராண்ட் பெரியது. அதற்கு இன்னொரு நாட்டுச் சங்கத்தின் கூட்டு வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே பயன்பெறும் மக்களிடம் முறையாகத் தேவையைக் கேட்டறிந்து பதிவு செய்திருக்க வேண்டும். பணத்தை இன்னோர் அமைப்பிடம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் முடியாது.

இந்தத் தேவை அறியும் விதி வெறும் சடங்கல்ல என்பதை நான் அருகிருந்து பார்த்தேன். ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை அமைத்துத் தருவதாகச் சங்கத்தார் முடிவு செய்து வந்திருந்தார்கள். தலைமையாசிரியை மாணவிகளைத் தனியே உட்கார வைத்து, பெயர் எழுதாமல் தேவையை எழுதித் தரச் சொன்னார். பெரும்பாலான தாள்களில் இருந்தது கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதும், நாப்கின் போட இடம் வேண்டும் என்பதும்தான். ஒரு தாளில், “மதியத்துக்கு மேல தண்ணி குடிக்கவே மாட்டோம் மிஸ்” என்று எழுதியிருந்தது. சங்கத்தார் அந்தத் தாள்களைப் படித்த பிறகு திட்டமே மாறியது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும், மேல்நிலைத் தொட்டியும், நாப்கின் எரிப்பானும் வந்தன. திரையும் கணினியும் கொடுத்திருந்தால் புகைப்படம் அழகாக வந்திருக்கும். பிள்ளைகளின் துன்பம் அப்படியே இருந்திருக்கும்.

இதற்கு ஈடாகச் சங்கங்கள் சுமக்கும் எழுத்துப்பணி மிகுதி. மானிய மேலாண்மைப் பயிற்சி, ஒப்பந்தம், ரசீதுகள், ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை என்று வரும் வேலையைச் சிறு ஊர்ச் சங்கங்களில் ஒருவரோ இருவரோ தங்கள் கடை வேலைக்கு நடுவே செய்கிறார்கள். தலைவர் ஆண்டுக்கு ஒருவர் மாறுவதால், தொடங்கியவரின் ஆர்வம் அடுத்தவரிடம் தொடராமல் பராமரிப்பு கைவிடப்பட்ட திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மானியம் கேட்கும் பள்ளியோ ஊராட்சியோ, மோட்டார் பழுதானால் யார் செலவு செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

என் கோரிக்கை ஒன்று உண்டு. நான் பார்த்த உதவித்தொகை அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், உறுப்பினர்களின் வாட்ஸாப் குழுக்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. உறுப்பினர் குடும்பங்களுக்கு இல்லை என்று விதி வகுத்துவிட்டு, அறிவிப்பை உறுப்பினர் வட்டத்திலேயே வைத்திருந்தால், அவர்களுக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள்தாம் வந்து சேர்வார்கள். மாவட்டங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் பொறுப்பேற்கும்போதே, அந்த ஆண்டு எத்தனை மாணவர்களை ஏற்பார்கள், கடைசி நாள் எது, எந்தத் துறைகள் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, அரசு கலைக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை மாணவர்கள் காத்திருக்க வேண்டாம்: கல்லூரி இறுதியாண்டு தொடங்கியதும் உங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளரைச் சந்தித்து, மாவட்ட அறக்கட்டளைக் குழுத் தலைவர் யார் என்று கேட்டு, அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதுங்கள்.