பழைய கார் வச்சிருக்கவங்க கவனம்: "95 ஒக்டேன் பெட்ரோல் அடிங்க, பூஸ்டர் போத்தல் ஊத்துங்க"ன்னு சொன்னா உடனே நம்பிறாதீங்க

மலையகத்துல பழைய கார் ஓட்டுறவங்க எல்லாரும் இத ஒருக்கா வாசிச்சிருங்க. நாலு மாசமா நான் கொட்டின காசு போகட்டும், எஞ்சினே போயிருக்கும், அதுதான் எனக்கு இன்னும் மனசு ஆற மாட்டேங்குது.

எங்ககிட்ட இருக்கிறது அப்பா வாங்கின நிசான் ட்ராட் சனி கார், காத்தையும் பெட்ரோலையும் கலந்து விடுற காபரேட்டர் உள்ள எஞ்சின். வீடு கொட்டகலையில, அம்மாவுக்கு மாசத்துக்கு ஒருக்கா கொழும்புல கிளினிக், அதனால அந்தக் கார் இல்லாம எங்களுக்கு முடியாது. ஏத்தத்துல இழுவை கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்குன்னு ஒரு கராஜ்ல டியூனப்புக்குக் குடுத்தேன். சாயந்தரம் எடுக்கும்போது நல்லாத்தான் பாய்ஞ்சிச்சு, சந்தோசமா காசக் குடுத்துட்டு வந்தேன்.

அடுத்த கிளினிக் முடிஞ்சு திரும்பி வாறோம், கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏத்தம், அம்மா பின் சீட்ல படுத்திருக்காங்க, மூணாவது கியர்ல எக்ஸலேட்டர அமத்தினதும் டின்னுக்குள்ள சரளக்கல்லப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். கால எடுத்தா நிக்குது, அமத்தினா திரும்ப வருது. அம்மா எழும்பி "என்னப்பா ஒடஞ்சிருச்சு"ன்னு கேக்குறாங்க, என்ன சொல்றதுன்னே தெரியல. வீடு வந்து சேரும் வரைக்கும் ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு வந்தேன்.

மறுநாள் அதே கராஜுக்குப் போனா பொனட்டக் கூடத் தெறக்கல. "நொக்கிங் தம்பி, பழைய எஞ்சினுக்கு 92 ஒத்து வராது, இனி 95 தான் அடிக்கணும், இப்ப பெட்ரோல்ல ஈயமும் இல்ல, அதனால இதயும் ஊத்துங்க"ன்னு ஒரு ஒக்டேன் பூஸ்டர் போத்தல் குடுத்தாரு. 3,800 ரூபா. டேங்க் நெரப்புற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. பில் கேட்டதுக்கு "நமக்குள்ள எதுக்கு பில்லு"ன்னுட்டாரு. 95 அடிச்சதும் சத்தம் நெசமாவே கொறஞ்சிச்சு, அதாலதான் நான் ஏமாந்தேன். லீட்டருக்கு நாப்பது ரூபாய்க்கு மேல கூட்டிக் குடுத்து, போத்தலுக்கும் குடுத்து, நாலு மாசம். அதுக்குப் பிறகு 95லயும் சத்தம் வர ஆரம்பிச்சிச்சு, கேட்டா "எஞ்சின் எறக்கிப் பாக்கணும்"ங்குறாரு.

அப்பதான் மாமா மகன் நாவலப்பிட்டியில ஒரு வயசான மெக்கானிக் பாஸ்கிட்ட கூட்டிட்டுப் போனான். அவரு மொதல்ல எஞ்சினுக்குள்ள தீப்பொறி விடுற பிளக் நாலையும் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாரு. வெள்ளையா இருக்க வேண்டிய பீங்கான் மேல செங்கல் பொடி தடவின மாதிரி ஒரு செவப்பு, அது போத்தல்ல இருக்கிற மாங்கனீசு படிஞ்சதாம். அதுக்கு மேல மிளகுத்தூள் தெளிச்ச மாதிரி சின்னச் சின்ன புள்ளி, சிலது வெள்ளி மாதிரி மினுங்குது. "இது என்னன்னு தெரியுமா தம்பி, ஒங்க பிஸ்டன்ல இருந்து கழண்டு வந்த அலுமினியம்"னாரு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

பிறகு தீப்பொறி எப்ப விழுதுன்னு காட்டுற டைமிங் லைட்ட மாட்டிப் பாத்தா, இருக்க வேண்டிய இடத்துல இருந்து ஏழெட்டு டிகிரி முன்னுக்கு நிக்குது. பிளக்குகளுக்குத் தீப்பொறியப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட நட்டுல புதுசா ஸ்பேனர் பட்ட காயமும் இருந்துச்சு. டியூனப்னு சொல்லி அதத் திருப்பி வச்சுத்தான் அந்த "பாய்ச்சல்" வந்திருக்கு. தீப்பொறி விழ வேண்டிய நேரத்துக்கு முந்தியே விழுந்தா பிஸ்டன் மேல வந்து சேர முந்தியே உள்ளுக்குள்ள அமுக்கம் ஏறி, மிச்சமிருக்கிற பெட்ரோல் தானாப் பத்தி வெடிக்கும், அந்தச் சத்தம்தான் நொக்கிங். ஒக்டேன் கூடின பெட்ரோல் அப்பிடித் தானாப் பத்துறதக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான் அதோட வேல. அதுல சக்தி கூடவும் இல்ல, எஞ்சினக் கழுவவும் கழுவாது. என் கார்ல 95 செஞ்சது தப்ப மூடி மறைச்சது மட்டும்தான்.

ஈயம் கதையும் பொய்தான். இலங்கையில ஈயப் பெட்ரோல் 2002லயே நின்னுருச்சு, ஆனா ஜப்பான்ல சாதாரண பெட்ரோல்ல 1975லயே ஈயத்த எடுத்துட்டாங்க, அதனால எண்பது, தொண்ணூறுகள்ல வந்த ஜப்பான் காருக்கு அது தேவையே இல்ல. அங்க சாதாரண பெட்ரோலுக்கு ஒக்டேன் 89 இருந்தாப் போதும்னுதான் விதி, நம்ம 92 அதுக்கும் மேல. மொரிஸ் மைனர் மாதிரி பழைய இங்கிலீஸ் கார் வேற கதை, வால்வு வந்து பதியிற வளையத்த (வால்வு சீட்) மாத்தாம இருந்தா அதுக்கு ஈயத்துக்குப் பதிலா ஏதாவது சேக்க வேண்டி வரலாம், ஆனா அதுக்கும் ஒக்டேனுக்கும் சம்பந்தமில்ல. கையேட்டுலயோ டேங்க் மூடியிலயோ 95ன்னு போட்டிருந்தா மட்டும் கட்டாயம் 95 அடிங்க, அதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க. போத்தல்ல "20 பொயிண்ட் கூடும்"னு பெருசா போட்டிருந்தா 92 வந்து 112 ஆகாது, 10 பொயிண்ட்னா ஒரு ஒக்டேன்தான், ரெண்டு கூடும்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உள்ள விசயம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், காத்தோட அமுக்கம் கடற்கரைய விட ஏறக்குறைய 20 சதவீதம் கொறவு. காபரேட்டர் காருக்கு மேல ஏற ஏற ஒக்டேன் தேவை கொறையத்தான் செய்யும், கூடாது. இழுவை கொறையிறதும் காத்து கொறஞ்சு பெட்ரோல் கூடிப் போறதாலதான், அதுக்குக் காபரேட்டரத்தான் பாக்கணும். மேல ஓடும்போது சத்தமில்லாம கீழ கித்துல்கல பக்கம் வந்ததும் நொக்கிங் வருதுன்னா மொதல்ல டைமிங்கப் பாக்கச் சொல்லுங்க. லைட் இல்லாம காதால கேட்டே வைக்கிறேன்னு சொல்ற எடத்துல குடுக்காதீங்க. வேல தொடங்க முந்தி டிஸ்ட்ரிபியூட்டர் நிக்கிற எடத்த போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, நான் எடுத்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்.

நாவலப்பிட்டி பாஸ் டைமிங் வச்சு, பிளக் மாத்தி, காபரேட்டர் கழுவி எல்லாத்துக்கும் 9,500 எடுத்தாரு, எல்லாத்துக்கும் பில்லோட. போன கிழமை 92 அடிச்சுத்தான் அம்மாவக் கூட்டிட்டுப் போய் வந்தேன், கினிகத்தேனை ஏத்தத்துல அவங்க நல்லாத் தூங்கிட்டாங்க. ஒடைக்காத போத்தல் ரெண்டு மிச்சமிருந்துச்சு, பழைய கராஜுக்குத் திருப்பிக் குடுக்கப் போனேன், பில் இல்லாம எடுக்க ஏலாதாம்.