பாகு வெப்பமானி: கண்ணாடிக் குழாயா, டிஜிட்டலா?

ஃபட்ஜ், கேரமல், டாஃபி, லாலிபாப் எல்லாவற்றுக்கும் அடிப்படை சர்க்கரைப் பாகுதான். எந்தச் சூட்டில் இறக்குகிறோம் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் பெயர் மாறும். 112 முதல் 116 டிகிரி செல்சியஸில் மெத்தென்ற உருண்டைப் பதம்; ஃபட்ஜுக்கு இது. 118 முதல் 120 வரை இறுகிய உருண்டை. மென்று தின்னும் கேரமல் மிட்டாய்க்கு. 132 முதல் 143 வரை டாஃபி. 146 முதல் 154 வரை போனால் சட்டென்று முறியும் கடின மிட்டாய். அப்போது பாகில் தண்ணீர் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் மிச்சமிருக்கும். இரண்டு மூன்று டிகிரியில் பண்டமே மாறிவிடும் என்பதால் வெப்பமானி வாங்குவது வீண் செலவு இல்லை.

கண்ணாடிக் குழாய் வகையில் பதங்களின் பெயர்கள் அளவுகோலிலேயே அச்சிட்டிருக்கும். பேட்டரி வேண்டாம், பாத்திர விளிம்பில் கிளிப் போட்டு மாட்டிவிடலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்ல ஆசான். ஆனால் அளவு காட்டத் தாமதமாகும். பாகிலோ அந்தத் தாமதம் ஆபத்து. தண்ணீர் ஆவியாகும் வரை சூடு மெல்லத்தான் ஏறும், கடைசியில் மளமளவென்று ஓடும். குமிழ் முனை முழுவதும் பாகில் மூழ்க வேண்டும், அடியைத் தொடவும் கூடாது. தொட்டால் பாகின் சூட்டைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒரு கப் சர்க்கரை மட்டும் காய்ச்சுபவருக்கு அகலப் பாத்திரத்தில் ஆழம் போதாது. குறுகலான, கனத்த அடியுள்ள பாத்திரம் தேவை.

ஊசி போன்ற டிஜிட்டல் வகையைத்தான் பரிந்துரைப்போம். ஆழம் குறைந்த பாகிலும் சில நொடிகளில் அளவு தெரியும். 200 டிகிரி வரை தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இறைச்சிக்கான வெப்பமானிகள் பல அதற்கு முன்பே நின்றுவிடும். தூரத்திலிருந்து குறிபார்க்கும் அகச்சிவப்பு வகை வேண்டாம். மேற்பரப்பை மட்டுமே அளக்கும், ஆவியும் ஏமாற்றும்.

எதை வாங்கினாலும் முதலில் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால், செய்முறையில் சொன்ன ஒவ்வொரு அளவிலிருந்தும் 2 கழித்து இறக்க வேண்டும். மலைப்பகுதிகளுக்கும் இதே கணக்குதான். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி குறையும்.

பாகு பூத்துப்போய் மணல் மணலாக ஆனால் வெப்பமானியைக் குறை சொல்ல முடியாது. பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிய சர்க்கரைத் துகள்கள் உள்ளே விழுவதுதான் காரணம். ஈரப் பிரஷ்ஷால் வழித்துவிடுங்கள், கொதித்த பிறகு கிளறாதீர்கள். ஊசியையும் ஒவ்வொரு முறையும் துடைத்தே மறுபடி விடுங்கள், அதில் காய்ந்த சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும்.

கண்ணாடிக் குழாயைப் பாகிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் விரிசல் விடும். ஆறிய பின் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் ஒட்டிய பாகு தானாகக் கரைந்துவிடும்.