பன்றிச் சிறுநீரகம்: வெட்டித் திருத்திய பன்றியா, பொறுக்கி எடுத்த பன்றியா?

பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்தும்போது கூடவே வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை விரட்ட வழி உண்டு. அறுவை செய்து குட்டியை எடுத்து, தாயிடம் விடாமல், வடிகட்டிய காற்றுள்ள கொட்டிலில் வளர்ப்பார்கள். ‘பெர்வ்’ எனப்படும் பன்றி உள்ளுறை ரெட்ரோவைரஸிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அது பன்றியின் டிஎன்ஏவிலேயே இருக்கிறது, பரம்பரையாக இறங்குகிறது.

நம் டிஎன்ஏவிலும் சுமார் 8 சதவீதம் இப்படிப்பட்ட பழைய வைரஸ்களின் மிச்சம்தான். ஆனால் அவை ஏறக்குறைய எல்லாமே உடைந்துபோனவை. பன்றியினுடையவற்றில் சில இன்னும் முழு வைரஸாகக் கிளம்பி வருகின்றன. அவை ஆய்வுக்கூடத்தில் மனிதச் செல்களைத் தொற்றும் என்று 1997இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து இந்தத் துறையில் இரண்டு கட்சி.

ஒரு கட்சி, வெட்டிவிடுவோம் என்கிறது. ஹார்வர்டின் ஜார்ஜ் சர்ச் குழு 2015இல் ஒரு பன்றிச் செல் வகையில் இருந்த 62 பெர்வ் நகல்களையும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் முடக்கியது. குறி வைத்தது, வைரஸ் தன்னை டிஎன்ஏவாகப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியின் மரபணு. உயிருள்ள பன்றியில் இதைச் செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரே செல்லில் இருபத்துச் சொச்சம் இடங்களில் டிஎன்ஏ அறுபட்டால், p53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு செல்லைச் சாகடித்துவிடும். அதைத் தற்காலிகமாக அடக்கும் மருந்தைக் கலந்துதான் 2017இல், வேறொரு பன்றியின் செல்களில் இருந்த 25 நகல்களும் முடங்கிய குட்டிகளைக் குளோனிங் முறையில் பிறக்க வைத்தார்கள். பிறந்தவை 37, கட்டுரை வெளிவந்தபோது உயிரோடு இருந்தவை 15. (குளோனிங்கில் இழப்பு வழக்கம்தான், பழியை முழுக்க வெட்டின்மேல் போட முடியாது.) இந்த வழியில் வந்த ஈஜெனிசிஸ் நிறுவனப் பன்றியின் சிறுநீரகம்தான் 2024 மார்ச்சில் பாஸ்டனில் பொருத்தப்பட்டது. மொத்தம் 69 திருத்தங்கள், அதில் 59 பெர்வுக்காக மட்டும்.

மறு கட்சி பெர்வ் மேல் கத்தியே வைக்கவில்லை. ரெவிவிகோர் நிறுவனத்தின் பன்றியில் இருப்பது 10 திருத்தங்கள்தான், எல்லாம் உறுப்பு நிராகரிக்கப்படாமலும் அளவுக்கு மீறி வளராமலும் இருக்க. இவர்கள் பக்க வாதத்தில் சரக்கு இருக்கிறது. பெர்வில் ஏ, பி வகைகள் எல்லாப் பன்றியிலும் உண்டு, மனிதச் செல்லையும் தொற்றும். சி வகை பன்றிச் செல்லை மட்டுமே தொற்றும், எல்லாப் பன்றியிலும் இருப்பதில்லை. ஆனால் ஏ வகையும் சியும் கலந்தால் பிறக்கும் கலப்பினம்தான் மனிதச் செல்லில் வேகமாகப் பெருகுகிறது. எனவே சி இல்லாத, வைரஸ் வெளிப்பாடு குறைவான பன்றியாகப் பார்த்துப் பொறுக்கினால் ஆபத்து பெருமளவு குறையும். பன்றித் திசுக்களோடு தொடர்பு கொண்ட 160 நோயாளிகளை 1999இல் பரிசோதித்தபோது ஒருவருக்கும் பெர்வ் தொற்றியிருக்கவில்லை. ஒருவேளை தொற்றினாலும், எச்ஐவி மருந்தான ரால்டெக்ராவிர் ஆய்வுக்கூடத்தில் பெர்வையும் தடுக்கிறது.

இங்கே ஒன்று: அந்த 160 பேரில் பலருக்குத் தொடர்பு சில மணி நேரம்தான். சிறுநீரகமோ ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியது, அதுவும் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிய உடம்பில். பெர்வின் உறவுக்கார வைரஸ் ஒன்று ஆஸ்திரேலியாவின் கோவாலாக்களில் இப்போதுதான் டிஎன்ஏவுக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது, ரத்தப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. வெட்டுக் கட்சி பயப்படுவது சும்மா இல்லை.

அப்படியும் என் ஓட்டு இன்றைக்குப் பொறுக்கி எடுத்த பன்றிக்கே. 2022 ஜனவரியில் மேரிலாந்தில் பன்றி இதயம் பெற்றவர் இரண்டு மாதத்தில் இறந்தார். அந்த இதயத்தில் அகப்பட்டது பெர்வ் அல்ல, பன்றி சைட்டோமெகலோவைரஸ். அதை 59 வெட்டுகளும் தடுத்திருக்காது, நல்ல பரிசோதனை தடுத்திருக்கும். சோதனையில் காசையும் கவனத்தையும் போடுவதுதான் இப்போது முக்கியம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. நோயாளியின் ரத்தத்தில் பெர்வ் மரபணு தென்பட்டாலே தொற்று என்று சொல்லிவிட முடியாது. உறுப்பிலிருந்து உதிர்ந்த பன்றிச் செல்கள் ரத்தத்தில் மிதக்கலாம். அதனால் பன்றிச் செல்லில் எப்படியும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவையும் சேர்த்து அளக்கிறார்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் இருந்தால் வெறும் உதிரிச் செல். பெர்வ் மட்டும் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயிரக்கணக்கானோருக்குப் பன்றி உறுப்பு பொருத்தும் காலம் வந்தால் கணக்கு மாறும். அப்போது ஒருவருக்குத் தொற்றினால் அது அவரோடு நிற்காது, வீட்டாருக்கும் போகலாம். அந்த நிலையில் வெட்டிய பன்றிக்கே நானும் கை தூக்குவேன்.