ராம்நாடு கரையில திடீர்னு கிளம்பிப் போனா எங்க படுக்கிறது: சத்திரமா, தர்காவா, மீனவர் வீட்டுத் திண்ணையா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு எந்த பஸ் முதல்ல கிளம்புதோ அதுல ஏறுற ஆளு நான். பையில ஒரு லுங்கி, துண்டு, சார்ஜர், 600 ரூவா, அவ்ளோதான். அப்படி நாலஞ்சு தடவை ராமநாதபுரம் பக்கம் போயி ராத்திரி படுக்க இடம் தேடுன அனுபவத்துல இதை எழுதுறேன். நமக்கு எது மலிவுன்னு பாத்து மார்க் போடல, இடம் குடுக்குறவங்களுக்கு நாம எவ்வளவு செலவு இழுத்து விடுறோம்னு பாத்துதான் போட்டிருக்கேன், ஏன்னு போகப் போகத் தெரியும்.

ஆப் கதையை முதல்லயே முடிச்சிடலாம். முன்பின் தெரியாதவங்க வீட்டுல தங்க வழி பண்ணிக் குடுக்குற கவுச்சர்ஃபிங் 2004ல வந்தப்ப முழுசா ஓசி, 2011ல லாபம் பாக்குற கம்பெனியா மாறி, 2020ல சந்தா கேக்க ஆரம்பிச்சதும் நிறைய பேரு கழண்டுட்டாங்க. அதே மாதிரி இன்னொண்ணு பீவெல்கம், அது இன்னும் இலவசம்தான், ஆனா சாயல்குடியிலயும் தொண்டியிலயும் யாரு ப்ரொஃபைல் போட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா சொல்லுங்க. அதுலயும் முன்கூட்டியே மெசேஜ் போட்டு பதில் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்னா அப்புறம் என்ன திடீர்ப் பயணம்.

ராமேஸ்வரம் வேற கேஸ். அந்த ஊரே வழிப்போக்கனை நம்பி வளந்த ஊரு, சேதுவுக்கு வர்ற யாத்திரிகர்களுக்காக ராம்நாடு ராஜாக்களான சேதுபதிங்க வழி நெடுக சத்திரம் கட்டிவச்ச சீமை இது, முகுந்தராயர் சத்திரம்னு ஊர்ப் பேர்லயே இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் இருக்கறதால சோத்துக்குக் கவலையே இல்ல. சிக்கல் படுக்கைலதான். மடத்துக்கு மடம் ஏறி இறங்குனேன், எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "எத்தனை பேரு?", ஒருத்தன்னு சொன்ன உடனே "சிங்கிளுக்கு ரூம் கிடையாதுங்க", கதை முடிஞ்சது. தனியா வந்தவன் ராத்திரி ஏதாச்சும் பண்ணிக்கிட்டா யாரு ஸ்டேஷனுக்கு அலையறதுன்னு அவங்களுக்கு ஒரு பயம், தப்பு சொல்ல முடியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் போனீங்கன்னா குடும்பத்தோட போனாலும் தெருவுலதான் தலை சாய்க்கணும். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் அரிச்சல்முனையில மணல்ல படுத்து நட்சத்திரம் பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, இருட்டுறதுக்குள்ள போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிடும்.

ஏர்வாடி தர்கால இந்தத் தொந்தரவு எனக்கு வரல. எந்த மதம், எத்தனை பேருன்னு யாரும் கேக்கல. சுத்தி நேர்ச்சைக்கு வந்த குடும்பங்க, மனசு சரியில்லாத பிள்ளையைக் கூட்டிட்டு வந்து நாள்கணக்கா உக்காந்திருக்கிற அம்மாக்கள். பக்கத்துல பாய் விரிச்சிருந்த கீழக்கரைக்காரரு ஒருத்தரு, நான் காக்கான்னு (அவங்க பேச்சுல அண்ணன்) கூப்பிட்டதும் சிரிச்சிட்டு தொதல் அல்வா ஒரு துண்டு வெட்டிக் குடுத்தாரு, நெய்யும் கருப்பட்டியுமா விரல்ல ஒட்டுச்சு. இடம் நல்ல இடம்தான், ஆனா அவ்ளோ வேதனைக்கு நடுவுல டூர் வந்தவனா படுத்திருக்கிறது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு ராத்திரியோட சரி.

இப்ப மீனவ கிராமம். வாலிநோக்கத்துக்கு மேக்க ஒரு ஊரு, பேரு வேண்டாம். கடைசி பஸ்ஸை விட்டுட்டு நின்னப்ப வலை பின்னிக்கிட்டு இருந்த பெரியவரு "என்னப்பு, யாரு வீட்டுக்கு?"ன்னாரு, யாரு வீட்டுக்கும் இல்லன்னேன், ஒரு நிமிஷம் மேலயும் கீழயும் பாத்துட்டு ஆதாரை வாங்கிப் படிச்சிட்டு தங்கச்சி வீட்டுத் திண்ணையைக் காட்டுனாரு. அந்த அத்தை சோறும் சூடைமீன் குழம்பும் வச்சாங்க, நம்ம ஊரு முண்டு மிளகாய்க் காரம், மூக்கு ஒழுகிக்கிட்டே மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆடிக் காத்துல ராத்திரி பூரா மண்ணு வாய்க்குள்ள போனது தனிக்கதை.

காலையில கொல்லைப்பக்கம் ரெண்டு வாளி தண்ணி நிறைஞ்சு நின்னுச்சு, உடம்பெல்லாம் உப்புக் கசகசப்பு வேற, சுகமா ரெண்டையும் ஊத்திக் குளிச்சிட்டேன். வெளிய வந்தா அத்தை தள்ளுவண்டியில ஆறு குடத்தை அடுக்கிக்கிட்டு மறுபடியும் கிளம்புறாங்க. இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி பாதி இடத்துல வாயில வைக்க முடியாது, நல்ல தண்ணின்னா குழாயில வர்ற நேரம் வரிசைல நிக்கணும், இல்ல டேங்கர்ல குடத்துக்கு இவ்வளவுன்னு காசு. நான் ஊத்திக்கிட்டது அந்த வீட்டுக்கு ரெண்டு நாளைக்கு! அவங்க ஒரு வார்த்தை சொல்லல, எதிர்வீட்டுப் பொம்பளைதான் "விருந்தாளி நல்லா குளிச்சாரா"ன்னு கேட்டுச்சு. அங்கயே செத்தேன்.

அதுவும் போக, இலங்கைக் கடல் பக்கத்துல இருக்கறதால புது மூஞ்சின்னா மரைன் போலீஸ் விசாரிக்கும், விசாரிச்சா பதில் சொல்ல வேண்டியது நாம இல்ல, திண்ணை குடுத்த வீடு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகுல கூலிக்குப் போற வீட்டுல அப்ப அடுப்பு எரியறதே கடன்லதான், அந்த மாசத்துல போயி திண்ணை கேக்காதீங்க. இன்னொண்ணு, நான் ஆம்பள, எனக்கு நடந்ததை வச்சு பொண்ணுங்க தனியா இப்படிக் கிளம்பலாம்னு நான் சொல்லவே மாட்டேன், அவங்களுக்கு ராமேஸ்வரம்தான் சரி, அதுவும் ரெண்டு மூணு பேரா.

லிஃப்டா பஸ்ஸாங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆர்ல லிஃப்ட்தான். கரிமூட்டை லாரி, உப்பு லாரி, ஐஸ்பெட்டி ஏத்துன டாடா ஏஸ், கையைக் காட்டுனா நிக்கும், காலியா போற சீட்டுல உக்காந்தா அவங்களுக்குப் பெருசா நட்டமும் இல்ல. மீன்வண்டில ஏறுனா சட்டையை மூணு தடவை துவைக்கணும். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது, அதனால சாயந்திரத்துக்கு மேல மரியாதையா பஸ்ஸைப் பிடிங்க. ராமேஸ்வரத்துக்குன்னா ரயில், 2022 கடைசில பாம்பன் பாலத்துல நின்னுபோனது 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் திறந்து திரும்ப ஓடுது.

ஆக என் ஓட்டு திண்ணைக்குத்தான், கூச்சத்தோட. போன மாசம் அதே வீட்டுக்குப் போனப்ப சாயல்குடியில 20 லிட்டர் தண்ணிக் கேன் ரெண்டு வாங்கி ஷேர் ஆட்டோல ஏத்திக்கிட்டுப் போனேன். அத்தை பாத்ததும் "ஏன்டா, எங்க வீட்டுல தண்ணி இல்லைன்னு ஊருக்கே சொல்ல வந்தியா"ன்னு ஒரு பிடி பிடிச்சிட்டாங்க. திட்டிக்கிட்டே ரெண்டு கேனையும் ஒவ்வொண்ணா இடுப்புல தூக்கிட்டுப் போயி அடுப்படில வச்சிட்டு, அப்புறம்தான் என்னை உள்ள வான்னாங்க.